ஸ்கேன் ரிப்போர்ட்டில் தமிழில் ஒரு வரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒன்றுவிட்ட தங்கை மகன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். கையில் அந்தப் பெரிய கவர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மடிக்கக் கூடாது என்று மார்போடு அணைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி வருவார்கள்.

"மாமா, இத கொஞ்சம் பாருங்க. டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்குது. நரம்ப அழுத்துதாம். வண்டிய வித்துடலாமான்னு பாக்கறேன்."

வயது முப்பத்து நான்கு. குட்டியானை ஓட்டுகிறான். செங்கல், நெல் மூட்டை, சாமியானா பந்தல் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவான். ஏற்றுவதும் இறக்குவதும் பாதி நேரம் அவனேதான். மூன்று வாரமாக இடுப்பு வலி. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். கூட ஓட்டுகிற பையன் ஒருவன், "எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையற, நேரா ஸ்கேன் எடுத்துடு, எல்லாம் தெரிஞ்சிடும்" என்று சொல்ல, மனைவியின் கம்மலை அடகு வைத்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டிப் படம் எடுத்துவிட்டான். டாக்டரை இன்னும் பார்க்கவில்லை. அது வியாழக்கிழமையாம். அதற்கு முன்னால் நான்.

நான் டாக்டர் இல்லை. தொலைபேசி இலாகாவில் சேர்ந்து, அது பி.எஸ்.என்.எல். ஆகி, 2020 ஜனவரி 31-ஆம் தேதி விருப்ப ஓய்வில் ஏறக்குறைய 78,000 பேர் ஒரே நாளில் வெளியே வந்தோமே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் கரையாம்புத்தூரில் டெலிபோன்காரர் என்றால் கரண்ட் பில்லிலிருந்து கிட்னி ரிப்போர்ட் வரை படித்துச் சொல்லத் தெரிந்தவர் என்று ஒரு நம்பிக்கை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனசு இல்லை.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் ஆங்கிலம். கடைசியில் தடித்த எழுத்தில் மூன்று வரி. எல்4-எல்5 இடத்தில் வட்டு பிதுங்கல், தண்டுவட உறையை லேசாகத் தொடுகிறது, வட்டில் நீர் வற்றியிருக்கிறது. அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய் ஸ்டீல் பீரோவின் மேல் தட்டிலிருந்து என்னுடைய கவரை எடுத்து வந்து அவன் பக்கத்தில் போட்டேன். 2014-ஆம் வருடத்தது. அதில் எல்4-எல்5 மட்டும் இல்லை, எல்5-எஸ்1 என்று இன்னொன்றும் இருக்கிறது. "உனக்கு ஒண்ணு மாப்ள, எனக்கு ரெண்டு" என்றேன். சிரிக்கவில்லை.

அந்த 2014 கதையைச் சொல்லவேண்டும். கேபிள் குழியில் இறங்கும்போது கால் வழுக்கி இடுப்பில் பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அந்த மூன்று வரியைப் படித்த அன்றைக்கே நான் கிழவனாகிவிட்டேன். சைக்கிளை விட்டேன். பெல்ட் ஒன்றை வாங்கி எட்டு மாதம் கட்டிக்கொண்டு திரிந்தேன். பேரன் அப்போது ஒன்றரை வயதுப் பிள்ளை, "தாத்தா தூக்கு" என்று கையை நீட்டுவான். தூக்கினால் வட்டு வெடித்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் அந்தப் பிள்ளையைத் தூக்கவில்லை. இன்றைக்கு அவன் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான்.

கடைசியில் ஒரு வயதான டாக்டரிடம் போனேன். அவர் கவரை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். குனியச் சொன்னார், படுக்கவைத்துக் காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தார், முட்டியில் சுத்தியலால் தட்டினார், கட்டைவிரலை மேலே இழு என்று எதிர்ப் பக்கம் அழுத்தினார், குண்டூசியால் பாதத்தில் குத்தித் தெரிகிறதா என்றார். அப்புறம்தான் படத்தை எடுத்து வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் பார்த்தார். "உங்க வயசுல இது நரைமுடி மாதிரி. பெல்ட்ட கழட்டிப் போட்டுட்டு நடங்க" என்றார். எட்டு மாதத்துச் சிறை அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது. ஏன் இதை முதல் நாளே எவரும் சொல்லவில்லை என்ற கோபம் மட்டும் தீரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்ததால் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

படித்ததில் என்னை உலுக்கியது மூன்று ஆராய்ச்சி. முதலாவது 1994-இல் அமெரிக்காவில் வந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சராசரி வயது நாற்பத்திரண்டு. அதில் 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு இடத்திலாவது வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். வலி இல்லாதவர்கள், கவனியுங்கள். சும்மா போய்ப் படுத்து எழுந்தவர்கள்.

இரண்டாவது 2015-இல், இப்படிப்பட்ட 33 ஆய்வுகளைச் சேர்த்து, வலி இல்லாத 3,110 பேரின் படங்களைக் கணக்குப் போட்டது. இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்குப் பிதுங்கல் இருக்கிறது. முப்பதில் 40, நாற்பதில் 50, ஐம்பதில் 60, எண்பதில் 84 சதவீதம். அந்த டாக்டர் சொன்ன நரைமுடிக் கணக்கு அப்படியே எண்ணில் வந்திருக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் வலி உள்ளவர்களிடம் இந்த மாற்றங்கள் கூடுதலாகத் தெரிகின்றன என்று அதே வருடம் இன்னொரு தொகுப்பும் வந்தது. ஆகவே பிதுங்கலுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிதுங்கல் என்று எழுதியிருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது என்கிறேன்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. முதுகுவலியும் காலுக்கு இறங்கும் வலியும் உள்ள 63 வயது அம்மா ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து வேறு வேறு சென்டரில் ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது. பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 விதமான குறைகள். பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை! ஒரே முதுகு, பத்து ஜாதகம்.

இதைப் படித்துவிட்டு எம்.ஆர்.ஐ. மீதே வெறுப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் இந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தபோது, வாழ்நாள் முழுக்க அலைவரிசையோடு மல்லுக்கட்டிய எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஊரில் பலர் இதை எக்ஸ்ரேக்கு அண்ணன் என்று நினைக்கிறார்கள். "கதிர் உடம்புக்கு ஆகாதாமே" என்று கேட்கிறார்கள். எக்ஸ்ரே கதிரே இதில் கிடையாது. இது ரேடியோ.

நம் உடம்பில் தண்ணீர்தான் அதிகம். தண்ணீரில் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் கருவில் உள்ள புரோட்டான் ஒரு குட்டிப் பம்பரம், குட்டிக் காந்தமும்கூட. சாதாரணமாக அது பாட்டுக்கு எந்தத் திக்கிலோ சுற்றிக்கொண்டிருக்கும். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேலான சக்திக்குள், ஆளைப் படுக்க வைத்தால், அவற்றில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் திசையில் அணிவகுக்கும். அப்போது அவை ஆடுகிற வேகம் நொடிக்குச் சுமார் ஆறு கோடியே நாற்பது லட்சம் தடவை, அதாவது 64 மெகாஹெர்ட்ஸ். பழைய கறுப்பு வெள்ளை டி.வி. காலத்தில் நாலாம் சானல் என்று ஒன்று உண்டே, அந்த இடம்தான். அதே அலைவரிசையில் வெளியிலிருந்து ஒரு ரேடியோத் துடிப்பு அனுப்பினால் பம்பரங்கள் சாயும். துடிப்பை நிறுத்தினால் நிமிரும். நிமிரும்போது அவை திருப்பி ஒரு சன்னமான சிக்னல் கொடுக்கும். அந்தச் சிக்னலைக் கம்பிச்சுருள் ஆன்டெனாவில் பிடிக்கிறார்கள். கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜன் ஒரு வேகத்தில் நிமிரும், தண்ணீரில் இருப்பது வேறு வேகத்தில், கட்டியில் இருப்பது இன்னொரு வேகத்தில். அந்த வித்தியாசம்தான் படத்தில் கறுப்பாகவும் வெளுப்பாகவும் தெரிகிறது. இளவயது வட்டில் தண்ணீர் அதிகம், ஒருவகைப் படத்தில் வெள்ளையாக மின்னும். வயதானால் தண்ணீர் வற்றிக் கறுத்துவிடும். நீர் வற்றியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதுவது அதைத்தான்.

உள்ளே படுத்தவர்களுக்கு அந்த 'டக் டக் டக்' சத்தம் மறக்காது. எந்தச் சிக்னல் உடம்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, காந்தத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிறார்கள். அதற்கான சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அவை அதிர்ந்து எழுப்பும் சத்தம் அது. இப்படி இடம் கண்டுபிடிக்கும் வித்தையை 1973-இல் எழுதியவர் பால் லாட்டர்பர். நேச்சர் பத்திரிகை முதலில் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. முப்பது வருடம் கழித்து 2003-இல் அவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு. கட்டித் திசு வேறு மாதிரி சிக்னல் தருகிறது என்று 1971-லேயே சொன்னவரும், 1977 ஜூலையில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் செலவிட்டு முதல் மனித உடல் படத்தை எடுத்தவருமான ரேமண்ட் டமாடியனை விட்டுவிட்டார்கள். அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விட்டுப்போன யாருக்கும் அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

நான் சொல்ல வந்தது வேறொரு விட்டுப்போன பெயர். 1946-இல்தான் அமெரிக்காவில் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியாக இந்த அணுக்காந்த ஒத்ததிர்வைத் திரவத்திலும் திடப்பொருளிலும் பிடித்துக் காட்டினார்கள். ஐந்தே வருடத்தில், 1951-இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் என்ற இயற்பியலாளர், குழாய்க்குள் ஓடுகிற திரவத்தில் இந்தச் சிக்னல் எப்படி மாறுகிறது என்று அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்திய அறிவியல் அகாடமியின் சஞ்சிகையில் வந்தது. திரவம் ஓடும்போது சோர்ந்துபோன அணுக்கருக்கள் போய்ப் புதிதானவை வந்து சேர்கின்றன, அதனால் சிக்னல் மாறுகிறது. இன்றைக்கு மருந்து ஏற்றாமலேயே ரத்தக்குழாயைப் படம் பிடிக்கிறார்களே, அதற்கும் இதற்கும் நேர்வழி உண்டு. ரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதும் வெளிநாட்டு நூல்களில் இந்தத் துறையின் முதல் கட்டுரை என்று சூரியனைக் குறிப்பிடுகிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

விதை இங்கே எப்போதோ விழுந்தது. ஆனால் யந்திரம் எல்லாம் இறக்குமதி. கோடிக்கணக்கில் விலை. உள்ளே காந்தச் சுருளை மைனஸ் 269 டிகிரியில் வைக்க திரவ ஹீலியம், அதுவும் இறக்குமதி. செப்புத் தகடு அடித்த தனி அறை. அதனால் அது பெரிய ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில், இல்லையென்றால் பணம் வாங்கும் சென்டரில் மட்டும்தான் இருக்கும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கும் நாய்க்கடிக்கும் பார்க்கலாம். ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க புதுச்சேரிதான் போகவேண்டும்.

அந்த வரிசையைப் பற்றித்தான் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கும் முதுகுவலி வந்தது. "குனிஞ்சி நிமிர்ற வேல, வலிக்காம என்னா பண்ணும்" என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். ஊசி போட்டுக்கொண்டார். வலி ராத்திரியில் அதிகமானது. சாயந்திரமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. இது மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான்காவது மாதம் கால் கனக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். தேதி ஆறு வாரம் கழித்து. வெளியில் எடுக்கக் காசு இல்லை. கேட்டிருந்தால் நாங்கள் போட்டிருப்போம், கேட்கவில்லை. நாலாவது வாரம் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் போய், தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கே அவசரமாகப் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் காசநோய். இரண்டு எலும்பு அரித்து, சீழ் கட்டித் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. எக்ஸ்ரேயில் இது தெரிவதற்குள் எலும்பு நிறைய அரிக்கப்பட்டிருக்கும், எம்.ஆர்.ஐ.யில் வெகு முன்னாலேயே தெரியும். ஆபரேஷன் ஆனது, ஒரு வருடத்துக்கு மேல் காசநோய் மாத்திரை. உயிர் தப்பியது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். நடவுக்குப் போவதில்லை. வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்.

அந்த ஆறு வாரத்து வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் எத்தனை பேர் என்னைப் போல நரைமுடிக்குப் படம் எடுக்க வந்தவர்கள்? எனக்குத் தெரியாது, எவருக்கும் தெரியாது. ஆனால் ராத்திரியில் இந்தக் கேள்வி வரும்.

ஆகவே என் கட்சி இது. எம்.ஆர்.ஐ. அதிகமாகிவிட்டது என்று பட்டணத்தில் பேசுகிறார்கள், எம்.ஆர்.ஐ. போதவில்லை என்று கிராமத்தில் பேசுகிறோம். இரண்டும் ஒரே கோளாறு. தேவையில்லாதவனுக்கு ஒரே நாளில் கிடைக்கிறது, தேவைப்படுகிறவளுக்கு ஆறு வாரம். இதைச் சரிசெய்ய இரண்டு வேலை நடக்கவேண்டும், ஒன்று ஆராய்ச்சிக்காரர்கள் செய்வது, மற்றது மிகச் சுலபமானது.

ஆராய்ச்சியில் இப்போது இரண்டு திசை. ஒன்று பெரிதாகிக்கொண்டே போவது. பாரிசுக்குப் பக்கத்தில் சாக்லேயில் இசெல்ட் என்று ஒரு யந்திரம், 11.7 டெஸ்லா, காந்தம் மட்டும் 132 டன் எடை. 2024-இல் மனித மூளையை அதில் படம் எடுத்து வெளியிட்டார்கள். நாலு நிமிஷத்தில் 0.2 மில்லிமீட்டர் வரை தெரிகிறதாம். அந்த மையத்தைத் தொடங்கி நடத்திய டெனி ல பியான், திசுவுக்குள் தண்ணீர் பரவுவதைப் படம் பிடிக்கும் முறையை 1980-களில் கொண்டுவந்தவர். பக்கவாதம் வந்த சிறிது நேரத்திலேயே மூளையில் எங்கே அடி என்று காட்டுவது அந்த முறைதான். அவரைக் கும்பிடுகிறேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எங்கள் பக்கத்து சொல்தா வீடுகளில் இந்த மாதிரிச் செய்தி வந்தால் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். நல்லதுதான். ஆனால் அந்த 132 டன் பாகூர் பக்கம் வரப்போவதில்லை.

எனக்கு மனம் போவது எதிர்த் திசையில். அதே 2024 மே மாதம் ஹாங்காங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சயன்ஸ் பத்திரிகையில் ஒரு யந்திரத்தைப் பற்றி எழுதினார்கள். 0.05 டெஸ்லா. சாதாரண 1.5-இல் முப்பதில் ஒரு பங்கு. நிலைக்காந்தம், ஹீலியம் வேண்டாம், செப்பு அறை வேண்டாம். சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகினால் போதும், 1,800 வாட். வீட்டு வாட்டர் ஹீட்டர் அளவு. மூளை, முதுகெலும்பு, ஈரல், முழங்கால் என்று முப்பது பேரிடம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சிக்னல் மிக மெலிசாக இருக்குமே, வெளி இரைச்சல் புகுந்துவிடுமே என்று எனக்குச் சந்தேகம். அதற்கு அவர்கள் செய்தது என்ன தெரியுமா? சுற்றிலும் தனி ஆன்டெனாக்களை வைத்து இரைச்சலை மட்டும் பிடித்து, அது சிக்னலுக்குள் எவ்வளவு கலந்திருக்கும் என்று கம்ப்யூட்டரைக் கணிக்க வைத்துக் கழித்துவிடுகிறார்கள். நீண்ட தூர லைனில் எதிரொலியைக் கழிக்க நாங்கள் பட்ட பாடு ஞாபகம் வந்தது. உகாண்டாவில் ம்பராரா என்ற ஊரில், ஹாலந்துக்காரர்கள் பாகங்களைத் தயாரித்துக் கொடுக்க, உள்ளூர் ஆட்களும் சேர்ந்து பதினொரு நாளில் ஒரு சின்ன எம்.ஆர்.ஐ.யைப் பூட்டி எழுப்பியிருக்கிறார்கள். தலையில் நீர் கோத்த குழந்தைகளுக்காக.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. பெங்களூரில் அர்ஜுன் அருணாசலம் தொடங்கிய வாக்செல்கிரிட்ஸ் நிறுவனம், ஸோஹோவும் பணம் போட்டது, திரவ ஹீலியத்தை நம்பியிராத 1.5 டெஸ்லா யந்திரத்தைச் செய்து, 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் அறிமுகப்படுத்தினார். மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒன்று போயிருக்கிறது. சூரியன் கட்டுரை எழுதிய அதே ஊரிலிருந்து எழுபத்திரண்டு வருடம் கழித்து.

நான் கண்மூடிப் புகழவில்லை. 0.05 டெஸ்லா படம் மங்கல்தான். ஹாங்காங்கில் எடுத்தது நோயாளிகளை அல்ல, ஆரோக்கியமானவர்களை. கம்ப்யூட்டர் சரிசெய்த படத்தில் இல்லாதது தெரிந்துவிடுமோ, இருப்பது மறைந்துவிடுமோ என்று கவலைப்படும் நிபுணர்கள் இருக்கிறார்கள், நியாயமான கவலை. அதை நம்பி ஆபரேஷன் செய்யச் சொல்லவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: அக்கா மாதிரி ஒருவரின் முதுகில் சீழ் கட்டியிருக்கிறதா இல்லையா, இவரை இன்றைக்கே ஆம்புலன்சில் ஏற்றவேண்டுமா என்று சொல்ல அந்த மங்கல் படம் போதுமா? இந்தக் கேள்விக்கு ஹாங்காங்கில் பதில் கிடைக்காது. முதுகெலும்புக் காசநோய் இங்கேதான் அதிகம். நம் மருத்துவக் கல்லூரிகள்தான் பெரிய யந்திரத்தில் ஒரு படம், சின்ன யந்திரத்தில் ஒரு படம் என்று ஒரே நோயாளியை இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டுச் சொல்லவேண்டும். போதும் என்று தெரிந்தால் கரிக்கலாம்பாக்கம் சமுதாய நல வழி மையத்திலோ பாகூரிலோ ஒன்றை வைக்கலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர்ப் பக்கம் எப்படிக் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாளில் புதுச்சேரி என்பது சிங்கப்பூர் தூரம்.

இரண்டாவது வேலைக்கு யந்திரமே வேண்டாம். ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் ஒரு வரி. "உங்கள் வயதில் வலி இல்லாதவர்களிலும் நூற்றுக்கு இத்தனை பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது." அவ்வளவுதான்.

இதை எனக்குத் தெரிந்த ஒரு ரேடியாலஜி டாக்டரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இத அமெரிக்காவுல செஞ்சு பாத்துட்டாங்க" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உண்மைதான். 2020-இல் முடிவு வந்தது. இரண்டரை லட்சம் பேர். ரிப்போர்ட்டில் அந்த வயதுக்கணக்கைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மொத்தமாக முதுகுக்கான சிகிச்சை குறையவே இல்லை. போதை கலந்த வலிமாத்திரை எழுதுவது மட்டும் ஒரு துளி குறைந்தது. முதலில் எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அப்புறம் யோசித்தேன். அந்த வரியை அவர்கள் எழுதியது டாக்டருக்கு, டாக்டர் மொழியில். நான் கேட்பது கவரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறவனுக்கு. டாக்டரைப் பார்க்கும் முன்னாலேயே படத்தை எடுத்துவிட்டு, வியாழக்கிழமை வரை தூங்காமல் கிடக்கிறவனுக்கு. அவன் சிகிச்சைச் செலவு குறைகிறதோ இல்லையோ, வண்டியை விற்காமல் இருந்தால் போதும். பிள்ளையைத் தூக்கினால் போதும். இதை எந்த ஆராய்ச்சியிலும் அளந்ததாக எனக்குத் தென்படவில்லை. அளந்து, என் பேச்சு தப்பு என்று வந்தால் ஒத்துக்கொள்கிறேன்.

மருந்து டப்பாவில் காலாவதித் தேதி போடச் சட்டம் இருக்கிறது. பீடிக் கட்டில்கூடப் படம் போட்டு எச்சரிக்கிறோம். ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தாளில் அவன் மொழியில் ஒரு வரி கேட்பது பேராசையா?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பையனிடம் கேட்டேன். கால் மரத்துப் போகிறதா? இல்லை. ஒன்றுக்குப் போவதில் சிரமம், உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாமை? இல்லை. சாயந்திரக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி? இல்லை. பாதத்தை மேலே தூக்க முடிகிறதா? தூக்கிக் காட்டினான். "வியாழக்கிழமை டாக்டரக் கண்டிப்பா பாரு. நான் சொன்னேன்னு போகாம இருந்துடாத. ஆனா அதுக்குள்ள வண்டிய விக்காத" என்றேன்.

"அத எழுதிக் குடுங்க மாமா. வீட்ல காட்டணும்."

பேனாவை எடுத்து அவன் கவரின் பின்பக்கம் எழுதினேன். 'முப்பது வயதில் வலி இல்லாத நூறு பேரைப் படம் எடுத்தால் சுமார் நாற்பது பேருக்கு இப்படித் தெரியும்.' அதன் கீழே, கால் பலவீனம், மரத்துப் போதல், சிறுநீர் அடைப்பு, காய்ச்சல், எடை குறைதல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று இன்னொரு வரி. அவன் மனைவி அன்று சாயந்திரம் போன் செய்தாள். கம்மலை எப்போது மீட்பது என்று எழுதவில்லையே என்று கேட்டாள்.